முத்துப்பிள்ளை: ஒரு நோயும் எங்கள் தெருவும்

முத்துப்பிள்ளை என்று ஒரு சொல் எங்கள் பக்கத்தில் உண்டு. கேட்பதற்குச் செல்லப் பேர் மாதிரி இருக்கும். ஆனால் அது பிள்ளையே இல்லாத கர்ப்பத்தின் பேர். கர்ப்பப்பையில் கரு வளரவேண்டிய இடத்தில், வேகவைத்த சவ்வரிசி மாதிரி, தோல் உரித்த திராட்சை மாதிரி, நீர் கோத்த முத்துக்கள் கொத்துக் கொத்தாக வளரும். டாக்டர்கள் 'மோலார் பிரக்னன்சி' என்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ததோடு முடிந்துவிடும். சிலருக்கு முடியாது. உள்ளே மிச்சம் நின்றது திரும்ப வளர்ந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கும் மூளைக்கும் ஏறும். அதில் கொடியதற்கு கோரியோகார்சினோமா என்று பேர். பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இது அபூர்வமானது. மருந்தால் குணமாகிற புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்பதும் இதுதான்.

என் அத்தை அதில்தான் செத்தாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதமுடிகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அத்தை என் அப்பாவுக்கு நேர் இளையவள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் பறத்தெருவில் பிறந்து, ராஜபாளையத்துக்கு அந்தப்பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். ரெண்டு ஊருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பொழுது சாய்ந்தும் கிளம்பி வந்துவிடுவாள். ராஜபாளையத்தை ஒட்டின சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். காட்டுவேலை இல்லாத நாளில் அத்தை அந்தத் துணியை மடித்துச் சுருட்டுகிற கூலிக்குப் போவாள். வரும்போது தலையெல்லாம் பஞ்சாக இருக்கும். 'எங்கத்தைக்கி நரைச்சுப்போச்சு' என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

1981-ல் மூணாவது பிள்ளை உண்டாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. குடித்த நீத்தண்ணிகூட நிக்காமல் வாந்தியெடுத்தாள். மூணு மாசம்தான் ஆகியிருந்தது, வகுறு ஆறு மாச வகுறு மாதிரி இருந்தது. ரெட்டைப் பிள்ளை என்று தெரு பேசியது. அப்புறம் பழுப்பாகத் தண்ணியும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்தது.

ஊருக்குள் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி எங்கள் தெருவில் கால் வைக்கமாட்டாள். எங்களுக்கு எங்கள் கிழவிகள்தான். எங்கள் தெருவில் ஒரு கிழவி இருந்தாள், தெருவே அவளை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். கையெழுத்துப் போடத் தெரியாது. ஊர்க் கணக்கில் அவள் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்திருக்கும். ஒருநாள் விடியக்காலம் அத்தைக்குக் கொத்தாக விழுந்தது. அப்பத்தா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, 'இது புள்ளையில்லத்தா, முத்துப்புள்ள. வெரசா பெரிய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. உள்ளுக்க மிச்சம் நின்னா ஆளையே தின்னுப்புடும்' என்றாள். அதோடு விடவில்லை. ஒரு சட்டியை எடுத்து, விழுந்ததை அள்ளிப் போட்டு, துணியால் வாயைக் கட்டி அம்மா கையில் கொடுத்தாள். 'இதக் காட்டுங்க. காட்டாம வந்துராதீக.'

போன ஆஸ்பத்திரியின் பேரை நான் எழுதவில்லை. அங்கே தாழ்வாரத்தில் இருந்த ஆள் சட்டியைப் பார்த்துவிட்டு, 'என்னத்தக் கொண்டாந்துருக்கீக?' என்று சத்தம்போட்டான். எந்தத் தெரு என்று விசாரித்தான். தெரிந்ததும் 'ங்க' போய் 'டீ' வந்தது. 'கொண்டுபோயி சாக்கடையில கொட்டிட்டு வாடி' என்றான். அம்மா தன் கையாலேயே கொட்டினாள். கொட்டிவிட்டு சட்டியையும் அங்கேயே போட்டு உடைத்தாளாம்.

உள்ளே அத்தையின் வயிற்றைக் கழுவினார்கள். எங்கள் பக்கத்தில் 'டி அண்ட் சி'யை அப்படித்தான் சொல்வோம். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்க எங்களுக்குத் தெரியாது. அனுப்பியதாக ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. திரும்பி வா என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது, மாசாமாசம் மூத்திரத்தைச் சோதிக்கவேண்டும் என்பதெல்லாம் அப்போதே மருத்துவப் புத்தகத்தில் இருந்த விஷயங்கள். புத்தகத்தில் இருந்தன.

புருசன் வீட்டில் அவளைப் பேய்க்கரு சுமந்தவள் என்றார்கள். பிள்ளை வரம் தந்த சாமிக்கு என்ன குறை வைத்தாய் என்று கேட்டார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டு வந்தார்கள். நாலு மாசம் கழித்து மறுபடியும் ரத்தம் போனது, பிறகு இருமல், இருமலில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் அங்கங்கே பஞ்சு உருண்டை வைத்தமாதிரி வெள்ளையாக இருந்ததாம். டிபி என்றார்கள். தினமும் ஊசி, கூடவே மாத்திரை. சேரிப் பொம்பளை ரத்தமாக இருமினால் அது டிபிதான், வேறென்னவாக இருக்கமுடியும்? கடைசியாக எப்போது பிள்ளை உண்டானாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டாக்டரை மட்டும் குத்தம் சொல்லிப் பயனில்லை, எங்கள் தெருவில் டிபி நிறைய இருந்தது, நாங்களும் நம்பினோம். ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி தலைவலி என்று படுத்தாள். வலிப்பு வந்து விடியுமுன்னே போய்விட்டாள். இருபத்தாறு வயசு. ரெண்டு ஆம்பளப் பிள்ளைகள். அப்பத்தா மட்டும் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, 'நெஞ்சுல ஏறிருச்சு, அந்தச் சனியன் நெஞ்சுல ஏறிருச்சு' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தோம்.

கிழவி சொன்னது சரி என்று எனக்குப் புரிய இருபது வருசம் ஆனது. அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. படித்ததை, தெரிந்த டாக்டரம்மாக்களிடம் கேட்டுச் சரிபார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன? கர்ப்பத்தில் கருவுக்கு முன்பே வேர் பிடிப்பது நச்சுக்கொடி. தாயின் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து ரத்தக் குழாய்க்குள் வேர் விட்டால்தான் பிள்ளைக்குச் சாப்பாடு. அதாவது இன்னொரு உடம்புக்குள் நுழைவதுதான் அந்தச் செல்களின் தொழிலே. ஒழுங்கான கர்ப்பத்தில் ஓர் எல்லையோடு நின்றுவிடும். முத்துப்பிள்ளையில் பிள்ளை இருக்காது, நச்சுக்கொடியின் இழைகள் மட்டும் நீர் கோத்து வீங்கி வளரும். கோரியோகார்சினோமாவில் எல்லை என்பதே கிடையாது. முத்துப்பிள்ளைக்குப் பிறகுதான் வரும் என்றும் இல்லை. கருச்சிதைவுக்குப் பிறகு, நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பிறகுகூட வரலாம். அதனால்தான், பிள்ளை பெறுகிற வயசில் இருக்கிற ஒருத்திக்குக் காரணம் தெரியாமல் ரத்தப்போக்கோ, ரத்த இருமலோ, திடீர் வலிப்போ வந்தால் கர்ப்பச் சோதனையும் ஒன்று செய்துபார் என்று டாக்டர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இன்னொன்றையும் எங்கள் தெருப் பெண்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 1977-ல் ஜப்பானைச் சேர்ந்த கஜீ, ஒஹாமா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முழு முத்துப்பிள்ளையின் குரோமோசோம்களை ஆராய்ந்து சொன்னார்கள்: அதிலுள்ளவை எல்லாம் தகப்பன் வழி வந்தவை. தாயின் முட்டை தன் குரோமோசோம்களை இழந்துவிட, விந்தின் குரோமோசோம்களை மட்டும் வைத்துக்கொண்டு வளர்வது அது. இதில் ஆண் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. இது ஒரு விபத்து, யார் செய்த பாவமும் இல்லை. ஆனால் என் அத்தையைப் பேய்க்கரு சுமந்தவள் என்று புருசன் வீட்டில் வைததற்கு நாலு வருசம் முன்பே இந்த உண்மை அச்சாகிவிட்டிருந்தது.

பேய்க்கரு என்றதும் எனக்கு மகாபாரதம் ஞாபகம் வரும். காந்தாரி பெற்றது ஒரு மாமிசப் பிண்டம். அதை நூற்றியொரு துண்டாக்கி நெய்க்குடத்தில் போட, நூறு ராஜகுமாரர்களும் ஒரு ராஜகுமாரியும் வந்தார்கள். ஐரோப்பாவிலும் இப்படி ஒரு கதை: 1276-ல் ஹென்னபர்க் சீமாட்டி ஒரே பிரசவத்தில் 365 பிள்ளை பெற்றாள், அத்தனைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று. அது முத்துப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். ராணி பெற்றால் ராஜகுமாரர்கள், சீமாட்டி பெற்றால் ஞானஸ்நானம், என் அத்தை பெற்றால் சாக்கடை.

இந்த முத்துக்கள் நச்சுக்கொடியிலிருந்து வருகிறவை என்று 1827-ல் எழுதிவைத்தவர் மரி புவாவின் என்ற பிரெஞ்சுக்காரி. அவரும் ஒரு மருத்துவச்சிதான். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சொந்த நாட்டில், பாரிஸின் மருத்துவக் கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண், அதிலும் மருத்துவச்சி. எங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்திருப்பாள். 1895-ல் மார்ச்சண்ட் என்ற ஜெர்மானியர் அந்தப் புற்றுநோயும் நச்சுக்கொடியின் செல்லிலிருந்தே வருகிறது என்று நிறுவினார். 1928-ல் பெர்லினில் ஆஷைம், சோண்டெக் என்ற இருவர், பெண்ணின் மூத்திரத்தைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டுக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார்கள். முத்துப்பிள்ளைக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் அந்தச் சோதனை சாதாரணக் கர்ப்பத்தைவிட ஓங்கிக் காட்டியது. அப்புறம் எலி போய்த் தவளை வந்தது, தவளை போய் ரசாயனம் வந்தது. கர்ப்பத்தின்போது ஊறுகிற எச்.சி.ஜி. என்ற அந்தச் சுரப்பை ரத்தத்தில் துல்லியமாக அளக்க 1972-ல் வழி பிறந்தது. இந்த நோய்க்கு ரத்தமே சாட்சி. கட்டி கண்ணுக்குத் தெரியாதபோதும் எச்.சி.ஜி. இருந்தால் நோய் இருக்கிறது, அறவே இறங்கிவிட்டால் நோய் போய்விட்டது. இவ்வளவு நேர்மையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகமில்லை.

இனி மருந்தின் கதை. இதில்தான் எனக்கு ஆத்திரமும் ஆச்சரியமும் சேர்ந்து வருகின்றன.

மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். எழும்பூரில் 1844-லிருந்தே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் சாதி இந்துப் பெண்களும் முக்காட்டுக்குள் இருந்த முஸ்லிம் பெண்களும் எல்லோரும் படுக்கிற அந்த இடத்துக்கு வரமாட்டார்கள் என்று, 1885-ல் ஷார்லீப்பின் முயற்சியில் தனி ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அதன் பேரே 'காஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரி'. சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமானது. பேர்ப்பலகையிலேயே சாதி. அந்தக் கணக்கில் சாதி என்றால் சாதி உள்ளவர்கள், நாமெல்லாம் சாதி இல்லாதவர்கள்! சாதி என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான அகராதி எங்கே கிடைக்கும்? திருவல்லிக்கேணியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று கஸ்தூர்பா காந்தி பேர். சென்னைச் சனங்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். சாதி உதிர்ந்து கோஷா மட்டும் நிலைத்துவிட்டது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியா வந்தார். பம்பாயில் பஞ்சாலை வேலைக்குப் போகிற ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் ரத்தம் சுண்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன தின்கிறார்கள், எது இல்லாமல் சாகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்தார். ஏழைக்குச் சாபம் என்று சொல்லாமல், என்ன தின்கிறாய் என்று கேட்டாரே, அதற்காக அவரைக் கும்பிடவேண்டும். ஈஸ்ட்டிலிருந்து செய்கிற மார்மைட் என்ற மலிவான பண்டம் அந்தச் சோகையைத் தீர்த்தது. குன்னூரிலும் ஆராய்ந்தார். 1931 தொடக்கத்தில் அதே காஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரியில் வேலைசெய்தார். அந்தப் பண்டத்தில் இருந்து குணப்படுத்திய பொருளுக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பேர் வந்தது. கர்ப்பம் என்றதும் நர்ஸம்மா கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான்.

அந்த ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அமெரிக்காவின் லெடர்லி கம்பெனியில் ரசாயனமாகச் செய்துகாட்டிய குழுவுக்குத் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர்ச் சட்டை போட்டதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப்பட்டம் கிடைக்காமல் போனவர். ஃபோலிக் அமிலத்தைச் செய்தவர்களே அதன் போலியையும் செய்தார்கள். செல் இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அசல் என்று நினைத்துப் போலியை வாங்கிக்கொண்ட செல்லுக்குள் வேலை நின்றுவிடும். வேகவேகமாகப் பிரிகிற செல்தான் முதலில் சாகும். அப்படி வந்த போலிகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948-ல் செத்துப்போனார். நூறாவது பிறந்த ஆண்டில், 1995-ல், இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வெளியிடட்டும், வேண்டியதுதான். ரத்தம் சுண்டிப்போன பம்பாய் ஆலைப் பெண்களில் ஒருத்தியின் பேராவது எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

1956-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீ என்ற சீன மருத்துவர், ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து, நுரையீரல் முழுக்க இந்த நோய் பரவி, சாகப்போகிற நிலையில் வந்த ஓர் இளம்பெண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். கட்டிகள் கரைந்துபோயின. மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டிப் புற்றுநோய் இதுதான். லீ இன்னொன்றும் செய்தார். கட்டி எக்ஸ்ரேயில் மறைந்த பிறகும் மூத்திரத்தில் அந்தச் சுரப்பு மிச்சம் இருக்கிறதென்று, அது அறவே இறங்கும்வரை மருந்தை நிறுத்தவில்லை. நோயே தெரியாதவளுக்கு விஷம் கொடுக்கிறான் என்று மேலே இருந்தவர்கள் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பிற்பாடு தெரிந்தது: பாதியில் மருந்தை நிறுத்தினவர்களுக்கு நோய் திரும்பியது, லீ வைத்தியம் பார்த்தவர்களுக்குத் திரும்பவில்லை. 1972-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். 'உள்ளுக்க மிச்சம் நின்னா ஆளையே தின்னுப்புடும்' என்று எங்கள் அப்பத்தா சொன்னதும், லீ பிடிவாதமாக நின்றதும் ஒரே இடத்தில்தான்.

ஆக, என் அத்தை சாவதற்கு இருபத்தைந்து வருசம் முன்பே மருந்து வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1973-லிருந்தே முத்துப்பிள்ளை வந்த ஒவ்வொரு பெண்ணையும் பதிவுசெய்து, தபாலில் ரத்தமும் மூத்திரமும் வரவழைத்துக் கண்காணிக்கிறார்கள். இன்று பரவல் குறைவாக இருந்தால் அநேகமாக நூற்றுக்கு நூறு பிழைக்கிறார்கள். நுரையீரல், மூளை என்று பரவி ஆபத்து அதிகமானவர்களிலும் கூட்டுமருந்து கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிற்பாடு பிள்ளையும் பெறுகிறார்கள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டிய கட்டாயம்கூட அநேகருக்கு இல்லை.

இங்கே மருந்தே இல்லை என்றும் சொல்லமுடியாது. தேவதாசி குலத் தாய்க்குப் பிறந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஆனால் அடையாறு எங்கள் தெருவிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேலே. அத்தையோ பக்கத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைக்கூடத் தாண்டவில்லை.

'அபூர்வம்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். ஆசியாவில் இந்த நோய் அதிகம் என்று பழைய புத்தகங்கள் எழுதின. பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கில் ஒரு கோளாறு கண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த முத்துப்பிள்ளைகளை, ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவங்களால் வகுத்திருக்கிறார்கள். வீட்டில் நடந்த பிரசவங்கள் கணக்கில் இல்லை, அதனால் நோய் பெருத்துத் தெரிந்தது. சரியான திருத்தம்தான். ஆனால் வீட்டில் பெற்றவர்கள் மட்டுமா கணக்கில் இல்லை? வீட்டில் செத்தவர்களும்தானே இல்லை? அத்தை செத்த மறுவருசம், 1982-லிருந்து, சென்னையில் புற்றுநோய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிய ஆரம்பித்தார்கள். 2012-லிருந்து தமிழ்நாடு முழுக்க எண்ணுகிறார்கள். அத்தை இன்று செத்திருந்தாலும், டிபி என்று எழுதின பிறகு, எந்தப் பதிவேட்டில் வருவாள்? எண்ணாததை அபூர்வம் என்று சொல்வது சுலபம். கர்ப்பவாய்ப் புற்றுநோய்க்கு முகாம் போடுகிறார்கள், அது ரொம்ப நல்ல காரியம், நம் பெண்கள் கூச்சப்படாமல் போகவேண்டும். ஆனால் அந்த முகாமில் இது தெரியாது. வயசுக்கு வந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சினைப்பையில் வருகிற அபூர்வக் கட்டிகளும் தெரியாது. அதிலும் பாதி, சூட்டு வலி, சூதக வலி என்று கஷாயத்தோடு போய்விடுகிறது. அவையும் மருந்துக்குக் கட்டுப்படுகிறவைதான்.

2003-ல் எங்கள் தெருவில் சித்தப்பா முறைக்காரர் மகளுக்கு, கல்யாணமாகி முதல் பிள்ளை, அதே வாந்தி, அதே பெருத்த வகுறு. அப்பத்தா அப்போது இல்லை. நான் இருந்தேன். கொத்து விழுந்ததும் அம்மா எழுந்து போனாள். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்தாள், கை நடுங்கியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் அதில் அள்ளிப் போட்டு மூடினேன். நேராக மதுரைக்கே போனோம். தாழ்வாரத்தில் ஓர் ஆள் என்னது என்று கேட்டார். 'டாக்டர்ட்ட காட்டணும்' என்றேன். 'குடுங்க' என்றார். 'டாக்டர்ட்டதான் குடுப்பேன்' என்று மடியில் வைத்துக்கொண்டேன். ரெண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, 'இதக் கொண்டுவரணும்னு யார் சொன்னாங்க?' என்றார். 'எங்க தெருக் கெழவி ஒருத்தி' என்றேன். ஃபார்மலின் ஊற்றிச் சீட்டு ஒட்டச் சொன்னார். வாரம் ஒருதரம் ரத்தம் எடுத்தார்கள். எச்.சி.ஜி. முதலில் இறங்கி, பிறகு நின்று, பிறகு ஏற ஆரம்பித்தது. நுரையீரலில் இன்னும் ஒன்றும் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பித்தார்கள். மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒரு சின்னக் குப்பி. ஒருநாள் அந்த ஊசி, மறுநாள் அதன் விஷத்தை முறிக்க ஒரு மாத்திரை, இப்படி எட்டு நாள். சத்து மாத்திரையை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள். 'நர்ஸம்மா சாப்புடு சாப்புடுங்குது, இவுக சாப்புடாதங்குறாக, எதக்கா கேக்குறது?' என்று அவள் என்னிடம் கேட்டாள். அன்றைக்குத்தான் ஃபோலிக் அமிலம் என்ற பேரையே நான் முதலில் கேட்டேன். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியது. வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சியும் இறங்காமல் கிடந்தாள். பஸ் காசுக்கு அவள் தோடு போனது. நாலாவது சுற்றில் எச்.சி.ஜி. அறவே இறங்கியது. அதற்குப் பிறகும் லீ சொன்ன மாதிரி மேலும் சில ஊசி போட்டார்கள்.

அம்மாவிடம் அப்புறம்தான் அத்தையைப் பற்றிப் பேசமுடிந்தது. அந்தச் சட்டியைக் கொட்டினது தான்தான் என்று அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'நாங் கொட்டாம இருந்துருந்தா?' என்றாள். 'கொட்டச் சொன்னவன் ஒருத்தன் இருந்தாம்ல' என்றேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்கு 2006-ல் ஒரு மகள் பிறந்தாள். இனி எந்தப் பிரசவம் ஆனாலும் ஆறு வாரம் கழித்து எச்.சி.ஜி. பார்க்கவேண்டும் என்று மதுரை டாக்டரம்மா ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். பார்த்தோம், இல்லை. 2010-ல் பையன் பிறந்தபோதும் பார்த்தோம், இல்லை. கூரைவீடு, மழைக்கு ஒழுகும் என்று ஃபைலை என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறாள். என் தகரப்பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கிறது. சதைப் பரிசோதனைச் சீட்டில் அவள் பேர், வயசு, தெருப் பேர், எல்லாம் இருக்கிறது. போன மாசம் அந்த மகள் காலேஜுக்குப் போகும் வழியில் வந்து, அம்மாவுக்கு என்ன வந்தது என்று படித்துப்பார்க்கவேண்டும் என்று கேட்டு எடுத்துப்போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.